பாய்வதில் மின்னல், பெருகுவதில் ஆமை!

அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே நீல நிறத்தில் ஒரு மின்னல் பாய்கிறது. நீரைக் கிழித்துக்கொண்டு பல அடி உயரம் எழும்பி, மறுபடியும் கடலில் விழுந்து மறைகிறது. அதுதான் மாகோ சுறா. சுறா இனங்களில் வேகத்தில் இதை மிஞ்ச வேறொன்று கிடையாது.

'மாகோ' என்பது நியூஜிலாந்தின் மாவோரி மொழிச் சொல். மாவோரி மக்கள் இதன் பல்லைக் காதணியாக அணிந்து வந்தார்கள். வளைந்து கூர்மையாக இருக்கும் அந்தப் பற்கள், வாயை மூடினாலும் வெளியே தெரியும். முதுகு கருநீலம், வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் கடலின் நீலத்தோடும், கீழிருந்து பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். இரை அதைக் காண்பதற்குள் காரியம் முடிந்துவிடும்!

உடம்புக்குள் ஓர் அடுப்பு

பெரும்பாலான மீன்களின் உடம்பு, கடல் நீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பிராணவாயுவுக்காக ரத்தம் செவுளுக்குப் போகும்போது, உடம்பின் சூடு கடலுக்குப் போய்விடுகிறது.

மாகோவிடம் இது நடப்பதில்லை. வேலை செய்த தசையிலிருந்து சூடாகத் திரும்பும் ரத்தக் குழாய்களும், செவுளிலிருந்து குளிர்ந்து வரும் ரத்தக் குழாய்களும் மெல்லிய இழைகளாக அடுத்தடுத்துப் பின்னிக் கிடக்கின்றன. போகிற ரத்தம் தன் சூட்டை வருகிற ரத்தத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. இந்தப் பின்னலுக்கு லத்தீன் மொழியில் 'அதிசய வலை' என்று பெயர். இதனால் தசை, கண், மூளை எல்லாம் வெதுவெதுப்பாக இருக்கின்றன. சூரை மீனையும் வாள்மீனையும் துரத்திப் பிடிக்கும் சக்தி இப்படித்தான் வருகிறது.

தாயாக இருபது வருஷம்

ஆனால், வம்சம் பெருக்குவதில் இந்த வேகம் இல்லை. பெண் மாகோ தாயாகும் பருவத்தை அடையச் சுமார் 20 ஆண்டுகள் ஆகின்றன. கர்ப்ப காலம் 15 முதல் 18 மாதங்கள். தாயின் வயிற்றிலேயே, கருவாகாத முட்டைகளைத் தின்று குட்டிகள் வளர்கின்றன! பிறக்கும்போதே இரண்டடிக்கு மேல் நீளம். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு குட்டிகள். அடுத்த ஈற்றுக்குச் சுமார் 3 ஆண்டுகள்.

இங்கேதான் வந்தது ஆபத்து. சூரைக்கும் வாள்மீனுக்கும் கப்பல்கள் விடும் கயிறுகள் மைல் கணக்கில் நீளமானவை. அவற்றில் தொங்கும் தூண்டில்களில் மாகோவும் சிக்குகிறது. அதன் இறைச்சிக்கும் துடுப்புக்கும் விலை உண்டு. சிக்குபவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஒருமுறைகூட ஈனாத இளசுகள்.

2019-ல் இந்த இனம் அழிவு அபாயப் பட்டியலில் சேர்ந்தது. வட அட்லாண்டிக்கில் மாகோ பிடிப்பதை அடியோடு நிறுத்தினாலும், தாய் மீன்களின் தொகை 2035 வரை குறைந்துகொண்டேதான் போகும் என்று விஞ்ஞானிகள் அதே ஆண்டில் கணக்கிட்டார்கள். இளசுகளாக இருந்தபோதே பிடிபட்டுப் போனவை, தாயாக வேண்டிய காலத்தில் இருக்காதல்லவா?

2021-ல், சூரை மீன் பிடிப்பை ஒழுங்குபடுத்தும் அட்லாண்டிக் நாடுகளின் கமிஷன், வட அட்லாண்டிக்கில் சிக்கும் மாகோவைக் கப்பலில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தது. 2022-ல் அது அமலுக்கு வந்தது. ஆயினும், தூண்டிலிலேயே உயிர் விட்டதைக் கடலில் திருப்பி விட்டு என்ன பயன்? அது தூண்டிலில் சிக்காமல் பார்த்துக்கொள்வதே மேல்.

கடலில் எதையும் துரத்திப் பிடிக்கக்கூடிய மாகோ, மனிதனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: குட்டி தாயாவதற்கு இருபது வருஷ அவகாசம்!