கவுத்திமலை இரும்பும் பொது நிதி ஆய்வும்

திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றின் இரும்புத்தாது வளம் அரசு ஆய்வுகளால் கண்டறியப்பட்டது. அதனை வெட்டியெடுக்க டிட்கோவும் ஜிண்டால் நிறுவனமும் முன்வைத்த திட்டத்தை மலையடி உழவர்கள் எதிர்த்தனர்.

இத்தாது மேக்னடைட் குவார்ட்சைட் வகையினது. இரும்பின் விகிதம் குறைவாதலின், பாறையைப் பொடியாக்கிக் காந்தத்தால் பிரித்தல் வேண்டும், கழிவு மிகும். கீழ்பென்னாத்தூர் உள்ளிட்ட இம்மாவட்ட வேளாண்மையோ ஏரிகளையும் கிணறுகளையும் சார்ந்தது. குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் அவற்றுக்கு நீர்வரத்தாகின்றன.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, தாக்க அறிக்கையை ஆயத்தம் செய்யும் பொறுப்பு திட்ட முனைவோருடையது. இவ்வாறு தாதுவை அரசு நிதியும், நீருக்கு நேரும் கேட்டைத் தொழில் நிதியும் அளக்கின்றன. சுரங்கக் குத்தகையைக் கருதுவதற்கு முன்னரே நீர்வரத்து ஆய்வும் பொது நிதியில் நடைபெறின், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் இயலும்.