ஊதி ஊதி விளையாடிய கேசட்

மைக்ரோ ஜீனியஸ் வீடியோ கேம் பெட்டியும் கேசட்டும்
தைவான் தயாரிப்பு. மலேசியாவில் 1990களில் பரவலாகப் புழங்கியது.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபாமிகாம் விளையாட்டுப் பெட்டியின் கேசட்டுகள் இந்தப் பெட்டியிலும் ஓடும். வீடியோ கேம் என்றதும் மலேசியத் தலைமுறை ஒன்றுக்கு நினைவில் வருவது இதன் பெயர்தான். நெகிரி செம்பிலான் தோட்டங்களில், பால்மரங்களுக்கு நடுவே இருந்த லயத்து வீடுகளுக்கும் இந்தப் பெட்டி வந்தது. ஒருவர் கையில் கன்ட்ரோலர் இருக்கும்; சுற்றிலும் முறைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்.

கேசட்டின் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள்: பக்கத்துக்கு 30 என்று 60 உலோக முனைகள். திரையில் படம் வராவிட்டால் இதைத்தான் ஊதினோம். ஆனால் மூச்சின் ஈரம் முனைகளை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைப்பதே சரி.

பெட்டியைக் காப்பது பாதி வேலைதான். கேசட்டின் சில்லுக்குள் இருக்கும் விளையாட்டைப் பிசகாமல் படியெடுத்தால், பழைய பெட்டியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருள் வழியாக இன்றைய கணினியிலும் அது ஓடும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் வெறும் 40 கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின, லயங்கள் கலைந்தன. உங்கள் வீட்டில் பழைய கேசட் இருந்தால் வீசிவிடாதீர்கள். எந்தத் தோட்டத்தில், யாரோடு விளையாடினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். சில்லில் பதியாத பாதிக் கதை அதுதான்.