வெற்றுச் சட்டத்தில் ஓர் ஓவியம்!

1990 மார்ச் 18. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்துக்குள் போலீஸ் வேடத்தில் நுழைந்த இருவர், 13 கலைப்பொருள்களை அள்ளிச் சென்றனர். டச்சு மேதை ரெம்ப்ராண்ட் தீட்டியதாக அறியப்படும் ஒரே கடற்காட்சியும் அதில் போனது. எதுவும் திரும்பி வரவில்லை. வெற்றுச் சட்டங்கள்தான் சுவரில் தொங்குகின்றன.

2018-ல் கியூசியம் என்ற பாஸ்டன் நிறுவனம் ஓர் ஆப் உருவாக்கிக் காட்டியது. வெற்றுச் சட்டத்தின் முன் மொபைலைப் பிடித்தால், ஆக்மென்டட் ரியாலிட்டி உதவியால் திருடுபோன ஓவியம் திரையில் அந்தச் சட்டத்துக்குள்ளேயே பொருந்தித் தெரியும். புயலில் தத்தளிக்கும் படகு கண்முன் வந்து நிற்கும்!

அருங்காட்சியக ஆப் வடிவமைப்பவர்களுக்கு இது நல்ல பாடம். எதிரே இருக்கும் ஓவியத்தை மறைத்து வித்தை காட்ட வேண்டாம். கண்ணுக்கு எட்டாததைக் காட்டினால் போதும். மொபைலைக் கீழே இறக்கினால் மறுபடி வெறும் சட்டம். இழந்தது என்னவென்று அப்போதுதான் உறைக்கும்.