போர்க்களத்து வண்டி நகர்வீதி புகுந்த வரலாறு

உலகிலே புதிதாக விற்கப்படும் கார்களுள் ஏறத்தாழ அரைவாசி இன்று ஒரே இனத்தைச் சேர்ந்தவை. உயர்ந்த உடலும் பருத்த சில்லுகளும் பின்புறத்தே பொருளேற்றுதற்கு அகன்ற கதவும் கொண்டு, காருமன்று லொறியுமன்று என்னும்படி நிற்கும் இவ்வூர்தியை மூன்று ஆங்கில முதலெழுத்துக்களாற் சுருக்கி ‘எஸ்.யூ.வி.’ என வழங்குவர். பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் ஒருங்கே உதவும் ஊர்தி என்பது அதன் பொருள். 2023 ஆம் ஆண்டில் விற்கப்பட்ட கார்களில் நூற்றுக்கு 48 இவ்வினத்தன எனச் சர்வதேச சக்தி முகவரகம் கணக்கிட்டது. கரடுமுரடான நிலத்துக்கென ஆக்கப்பட்ட வண்டி செப்பமான நெடுஞ்சாலைக்கு உரியதானது எவ்வாறு? இவ்வினாவுக்குரிய விடையிற் பாதியே பொறியியலில் உண்டு. மறுபாதி சட்டத்திலும் மாந்தர் மனத்திலும் கிடக்கின்றது.

வரலாறு 1940 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தொடங்குகின்றது. ஐரோப்பாவிற் போர் மூண்டிருந்த அக்காலத்தில், நான்கு சில்லுகளாலும் இயங்கும் சிறு வேவு வண்டி ஒன்று வேண்டுமென ஐக்கிய அமெரிக்கப் படைத்துறை 135 கொம்பனிகளுக்கு எழுதிற்று. வண்டியின் எடை 1,300 இறாத்தலுக்கு மேற்படலாகாது என்பதும், முதல் வண்டியை 49 நாளில் ஒப்படைத்தல் வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். எடை பற்றிய நிபந்தனை நிறைவேறக்கூடியதன்று என்பதைப் படைத்துறை பின்னரே உணர்ந்தது. பென்சில்வேனியாவிலிருந்த பாண்டம் என்னும் சிறு கொம்பனி கார்ல் புறோப்ஸ்ற் என்னும் பொறியியலாளரைக் கொண்டு படம் வரைவித்து, செத்தெம்பர் 23 இல் வண்டியை ஒப்படைத்தது. ஆயினும் வேண்டிய தொகையை அக்கொம்பனியாற் செய்து முடித்தல் இயலாதெனக் கருதிய படைத்துறை, அதன் அமைப்பை வில்லிஸ், போர்ட் ஆகிய பெருங் கொம்பனிகள் அறியச் செய்தது. போர் முடிவதற்குள் அவ்விரண்டும் ஏறக்குறைய 640,000 வண்டிகளை ஆக்கின. முதல் வண்டியை உருவாக்கிய பாண்டம் கொம்பனிக்கு எஞ்சியதோ பின்னிழுவைப் பெட்டிகள் செய்யும் வேலையே. ‘ஜீப்’ எனும் பெயருடன் உலகெங்கும் திரிந்தது இவ்வண்டிதான்.

அதன் ஆற்றலுக்குக் காரணம் எளிது. சாதாரணக் காரில் எஞ்சினின் விசை ஈர் சில்லுகளுக்கே செல்லும். அவை சேற்றில் வழுக்கின் வண்டி நின்றுவிடும. ஜீப்பிலோ விசையைப் பகிர்ந்து முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் அனுப்பும் பற்சில்லுப் பெட்டி ஒன்று உண்டு. ஆகவே பின்சில்லுகள் பிடியிழந்தாலும் முன்சில்லுகள் வண்டியை இழுத்துச் செல்லும். வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் தாழ்ந்த பற்சில்லுத் தொகுதியும் அதனுடன் சேர்ந்திருந்தது.

போருக்குப் பின் வேல்ஸ் நாட்டின் அங்கில்சித் தீவிலிருந்த தம் பண்ணையில், றோவர் கொம்பனியைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் படையினர் கழித்த ஜீப் ஒன்றைப் பயன்படுத்திவந்தார். அதற்கு ஈடாகத் தம் நாட்டிலேயே ஒன்றைச் செய்யலாமே என்னும் எண்ணத்தின் பயனாக எழுந்த லான்ட் றோவர் 1948 ஏப்பிரல் 30 இல் அம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளிப்பட்டது. உருக்குக்குக் கட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத்தால் ஆயிற்று. வறுமை தந்த அவ்வேற்பாடே துருப்பிடியாமை என்னும் நலனையும் அளித்தது. வண்டியின் எஞ்சினைக்கொண்டு மரமரியும் வாளையும் பிற பண்ணைப் பொறிகளையும் இயக்கலாம். இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் அதனை நன்கறியும். இவ்வினத்து வண்டி எக்கொம்பனியினதாயினும் அதனை ‘ஜீப்’ என்றே அழைப்பது இன்றும் ஈழத்து வழக்கு. யப்பானிலே டொயோட்டாக் கொம்பனி 1951 இல் செய்த வண்டி பூசி மலையின் ஆறாம் நிலைவரை ஏறிற்று. 1954 இல் அது லான்ட் குறூசர் எனப் பெயர்பெற்றது.

இவையெல்லாம் உழைப்பாளியின் வண்டிகள். இருக்கை கடினம், ஓசை மிகுதி. குடும்பத்துக்கு ஏற்ற உருவம் மெல்ல மெல்லவே வந்தது. 1946 இல் புறூக்ஸ் ஸ்ரீவன்ஸ் வரைந்த உருக்குடல் ஜீப் அதன் முதற்படி எனலாம். 1962 இல் வெளிவந்த வாகனீர், நாற்சில்லு இயக்கத்துடன் தானியங்கும் கியரையும் இணைத்தது. 1970 இல் வந்த றேஞ் றோவர் சுருள்வில்லின் மேல் மெத்தென ஓடிற்று. எனினும் அதன் உட்டளத்தை நீர்பாய்ச்சிக் கழுவலாம். பண்ணையும் மாளிகையும் ஒரே வண்டியிற் கூடிய காலம் அது.

ஆயினும் இவ்வினம் பெருகியதற்கு அமெரிக்கச் சட்டம் செய்த உதவி பெரிது. 1973 இன் எண்ணெய் நெருக்கடியின் பின் 1975 இல் இயற்றப்பட்ட சட்டம், 1985 ஆம் ஆண்டளவில் கார்கள் கலனொன்றுக்குச் சராசரி 27.5 மைல் ஓடல் வேண்டும் என விதித்தது. உழவரும் தொழிலாளரும் பயன்படுத்தும் சிறு லொறிகளுக்கோ வேறான, தளர்ந்த விதி அமைந்தது. 1996 முதல் 2004 வரை அது 20.7 மைல் அளவில் நின்றது. நாற்சில்லு இயக்கமும் நிலத்தினின்று போதிய உயரமும் உடைய வண்டி, பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லினும், சட்டத்தின் கண்ணுக்குச் சிறு லொறியே. எரிபொருளை மிகுதியாக உண்ணும் கார்கள்மீது 1978 இல் விதிக்கப்பட்ட வரியும் அதனைத் தீண்டவில்லை. உழவனுக்குக் காட்டிய இரக்கத்தை நகரத்துச் செல்வர் நுகர்ந்தனர் என்று கூறுதல் மிகையன்று. கொம்பனிகளுக்கும் இது வாய்ப்பாயிற்று. 1990 இல் வெளிவந்த போர்ட் எக்ஸ்புளோறர், முன்னரே செய்துவந்த சிறு லொறியின் அடிச்சட்டத்தின்மேல் எழுப்பப்பட்டது. ஆக்கும் செலவு குறைவு. விற்கும் விலையோ உயர்வு. 1994 இல் டொயோட்டாவின் றாவ் 4 காரின் அடியமைப்பையே கொண்டு இவ்வினத்தின் தோற்றத்துடன் வந்தபின், சிறு குடும்பங்களும் இவற்றை நாடின.

சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே வந்தோர் தாமே விரும்பி வந்தனர். உயர்ந்த இருக்கையிலிருந்து நெடுந்தூரம் பார்க்கலாம். முதியோர் குனியாது ஏறலாம். பனி பெய்யும் நாட்டிலும் பாதை சீர்கெட்ட நாட்டிலும் நாற்சில்லு இயக்கம் உண்மையாகவே உதவும். எனினும் வாங்குவோரை ஈர்ப்பவற்றுள் முதன்மையானது காவல் உணர்ச்சி. பெரிய வண்டிக்குள் இருப்போன் தன்னைக் கோட்டைக்குள் இருப்பவனாக எண்ணுகிறான்.

அவ்வெண்ணம் ஓரளவு மெய், ஓரளவு மயக்கம். எடை மிக்க வண்டி இலேசான வண்டியுடன் மோதும்போது உள்ளிருப்போர்க்கு நன்மை உண்டு. ஆனால் நாற்சில்லு இயக்கம் வண்டியை முன்செலுத்துதற்கே துணையாகும், நிறுத்துதற்கு ஆகாது. பனியில் விரைந்து புறப்படுவோன் விரைந்து நிற்கவும் கூடும் என எண்ணுவது பிழை. மேலும், சில்லுகளின் இடையகலம் பெருகாது உயரம் மட்டும் பெருகின் ஈர்ப்புமையம் மேலெழும். சடுதியாகத் திருப்புகையில் வண்டி கவிழும் ஏதுவும் கூடும். 1990 களில் பலர் இவ்வாறு உயிரிழந்தனர். வண்டி பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கும்போதே சில்லுகளைத் தனித்தனியே தடுத்து நேர்ப்படுத்தும் இலத்திரன் கருவி, 2012 ஆம் ஆண்டின் வண்டிகள் முதல் அமெரிக்காவிற் கட்டாயமாக்கப்பட்டபின் இக்கேடு பெரிதும் தணிந்தது.

தணியாதது வெளியே நிற்போரின் இடர். தாழ்ந்த கார் மோதினால் அடி காலிற் படும்; உயர்ந்து செங்குத்தான முகமுடைய வண்டி மோதினால் மார்பிலோ தலையிலோ படும். சிறுவருக்கு இது இன்னும் கொடிது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள், 30 அங்குலமும் அதற்குக் குறைவுமாய்ச் சரிந்த முகமுடையவற்றிலும் பார்க்க, மோதுண்ட பாதசாரியின் உயிரைப் போக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் மிகுதி என 2023 இல் அமெரிக்கக் காப்புறுதி ஆய்வு நிறுவனமொன்று கண்டது. உள்ளிருப்போன் பெறும் காவலின் விலையிற் பெரும்பங்கைச் செலுத்துபவன் நடந்து செல்வோனே.

பாரிஸ் மாநகரம் இதனை மக்களிடமே வினாவாக விடுத்தது. பெற்றோல், டீசல் வண்டிகளுள் 1.6 தொன்னும் அதற்கு மேலும் எடையுள்ளவற்றை வெளியூரார் நகரிலே நிறுத்திவைப்பதற்குரிய கட்டணத்தை மும்மடங்காக்கலாமா என 2024 பெப்புருவரி 4 இல் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. வாக்களித்தோருள் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் ஆம் என்றனர். அவ்வாண்டு ஒற்றோபர் முதல் நகரின் நடுப்பகுதியில் மணிக்கு 18 யூரோ அறவிடப்படலாயிற்று. வாக்களிக்க வந்தோரோ, வாக்குரிமை உடையோருள் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு.