வரப்பில் பிசகிய கால்: சுளுக்கா, முறிவா?

வரப்பில் கால் பிசகுவதும், மாடு பாதத்தை மிதிப்பதும், மூட்டை நழுவிக் காலில் விழுவதும் விவசாயிகளுக்குப் புதிதல்ல. "நடக்க முடிகிறதே, எலும்பு முறியவில்லை" என்று பலர் மறுநாளே சேற்றில் இறங்கி விடுகிறார்கள். இது தவறு. ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றில் ஒன்று முறிந்தாலும் நொண்டியபடி நடக்க முடியும். கவனிக்காமல் விட்டால் எலும்பு கோணலாகக் கூடி, ஆயுள் முழுவதும் வலி தரும்.

அறிவது எப்படி?

கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட சோதனை முறை எளியது. நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம். பாதத்தின் வெளி ஓரத்தில், நடுவில் துருத்தி நிற்கும் எலும்பையும், உள் ஓரத்தில் கணுக்காலுக்குச் சற்று முன்னுள்ள எலும்பையும், கணுக்காலின் இருபுற முண்டுகளின் பின்புறத்தையும் அழுத்திப் பாருங்கள். அங்கு வலித்தாலும் எக்ஸ்ரே தேவை. உள்ளங்காலில் இரத்தம் கட்டி நீலம் பாய்ந்திருந்தாலும் முறிவைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் போகலாம். வீக்கமும் சூடும் இருந்தால் போதும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதலுதவி

செருப்பு, மெட்டி, கொலுசு ஆகியவற்றை உடனே கழற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 15 நிமிடம் ஒத்தடமாக வைக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவுவதும், இழுத்து நெட்டி முறிப்பதும் கூடாது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று விரல்கள் அழுகிவிடலாம். விரல்கள் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் கட்டை உடனே தளர்த்துங்கள். தோல் கிழிந்திருந்தால் சுத்தமான துணியால் மூடி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

தென்னை, பனையிலிருந்து விழுந்து குதிகால் முறிந்தவர்களுக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கக் கூடும். அவர்களைத் தூக்கி உட்கார வைக்காமல், அசையாது படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

சிகிச்சை

விலகாத முறிவுக்கு மாவுக்கட்டு போதும். பெரும்பாலும் ஆறு வாரத்தில் கூடும். விலகியிருந்தால் கம்பியோ தகடோ வைக்க நேரும். குதிகால் முறிவுக்கு 6 முதல் 12 வாரம் வரை கால் ஊன்றக் கூடாது. பீடி பிடித்தால் எலும்பு கூடத் தாமதமாகும்.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதி விவசாயிகளுக்குச் சென்னை மூலக்கொத்தளத்துக்கு அருகே, பழைய ஜெயில் ரோட்டிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை உதவும். கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் வருவோர் வண்ணாரப்பேட்டையில் இறங்கலாம். மற்றவர்கள் தங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையை அணுகலாம். ஒரு நாள் வேலை கெட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவதே நல்லது.