ஆம்பூர் கூட்ஸ் ஷெட், 1966

என் வீட்டு மாடியறையில் ஆம்பூர் ஸ்டேஷனின் கூட்ஸ் ஷெட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிஜத்தில் 87 மீட்டர் என்றால் என் மேஜையில் ஒரு மீட்டர். தண்டவாளம், சைடிங், பிளாட்பாரத்து வேப்பமரம், உப்புத் தோல் கட்டுகளை அடுக்க ஒரு மேடை, ஓரத்தில் இரண்டு மாட்டுவண்டி. பார்க்க வருகிறவர்கள் எஞ்சினைத்தான் முதலில் தேடுகிறார்கள். எனக்கோ எஞ்சின் பெரிய விஷயமாகவே இருந்ததில்லை. டபிள்யூ.ஜி. என்ற நிலக்கரி எஞ்சின், சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து 1950 முதல் வரிசையாக வந்தது. அதற்குப் படம் உண்டு, அளவு உண்டு, புத்தகம் உண்டு. என் தூக்கத்தைக் கெடுப்பது அதன் பின்னால் வரும் கூட்ஸ் பெட்டிதான்.

மாடல் ரயிலில் ஊரைவிட வருஷம் முக்கியம். எடுத்துக்கொண்ட வருஷத்தில் ஓடாத ஒரே ஒரு வேகன் நின்றுவிட்டாலும், விஷயம் தெரிந்தவர் கண் அங்கேதான் போகும். ஜோலார்பேட்டை யார்டில் தண்ணீர் நிரம்பிய டேங்கர் ரயில் நிற்கிறது என்று மாடல் செய்தால் அது 2019 ஜூலையாகத்தான் இருக்க வேண்டும். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்துக்காக அந்த மாதம் 12-ஆம் தேதி 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு முதல் வண்டி அங்கிருந்து வில்லிவாக்கம் போனது. அதே டேங்கர்களை 1966-ல் நிறுத்தினால் சிரிப்பார்கள்.

நான் 1966-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை 1856 ஜூலை 1-ஆம் தேதி திறந்த பாதைதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. அடுத்த சில வருஷங்களில் அது காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. அதன் பின் நூறு வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கத்துச் சரக்கைச் சுமந்தவை பெரும்பாலும் நாலு சக்கர வேகன்கள். 1960களில் எட்டுச் சக்கரத்து பாக்ஸ், பி.சி.எக்ஸ். ரகங்கள் வரத் தொடங்கின. பழையதும் புதியதும் ஒரே யார்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காலம் அது. மாடல் செய்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வேகனைப் பார்த்து வருஷம் சொல்வது கஷ்டமில்லை. சக்கரத்தை எண்ண வேண்டும். நாலு என்றால் பழையது. மூடிய நாலு சக்கர வேகன் சுமார் 22 டன் ஏற்றும். அடுத்து முனையைப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் வட்டத் தட்டுபோல பஃபர், நடுவில் திருகி இறுக்கும் சங்கிலிக் கப்ளிங் இருந்தால் ஒரு காலம். பஃபர் இல்லாமல் நடுவில் முஷ்டி மடக்கியதுபோல கொக்கி மட்டும் இருந்தால் அடுத்த காலம். வேக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தது 1980களில். பி.சி.என்., பாக்ஸ்என் ரகங்கள் அதோடு சேர்ந்து வந்தவை. பாக்ஸ்என் ஒன்றின் நீளம் 10.713 மீட்டர், என் மேஜையில் அது 12.3 சென்டிமீட்டர். அழகான வண்டிதான், ஆனாலும் என் ஆம்பூரில் அதற்கு இடமில்லை. பக்கத்தில் 11 இலக்க எண் எழுதிய வேகனும் வேண்டாம். அந்த முறை 2000-க்குப் பிறகு வந்தது. அதில் மூன்றாம், நான்காம் இலக்கம் எந்த ரயில்வே என்று சொல்லும், 06 என்றால் தென்னக ரயில்வே. ஐந்தும் ஆறும் கட்டிய வருஷம்.

இன்னொன்றைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். கடையில் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு அது சரி. நம் அகலப் பாதையோ 1676. கணக்குப்படி 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டும். நானும் எல்லோரையும் போல 16.5-லேயே ஓட்டுகிறேன், கண் பழகிவிட்டது. காட்பாடி–வேலூர் கன்டோன்மென்ட்–விழுப்புரம் மீட்டர் கேஜை மாடல் செய்கிறவர்களுக்குத்தான் யோகம். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் பாதை அவர்களுக்கு ஏறக்குறையப் பொருந்திவிடும். 1891-ல் வந்த அந்தப் பாதையால்தான் காட்பாடியில் ஒரு கேஜிலிருந்து இன்னொரு கேஜுக்கு மூட்டை மாற்றும் வேலை பல காலம் நடந்தது.

சரி, ஆம்பூர் ஷெட்டில் 1966-ல் என்னென்ன வேகன் நின்றது? இதற்குப் படம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரயில் பைத்தியங்கள் எஞ்சினைத்தான் படம் எடுத்தார்கள். சினிமாவும் அப்படியே. ‘பச்சை விளக்கு’ 1964-ல் வந்தது, சிவாஜி அதில் எஞ்சின் டிரைவர். பின்னால் வரும் வேகனை நின்று பார்க்க கேமராவுக்கு ஏது நேரம்? லக்னோவில் 1957-ல் தொடங்கிய ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் வரைபடங்களில் அளவு கிடைக்கும். பழைய கூட்ஸ் டாரிஃப் புத்தகத்தில் எந்தச் சரக்குக்கு எந்தக் கட்டணம் என்று கிடைக்கும். இந்த ஷெட்டில் இந்த வேகன் நின்றது என்று மட்டும் அவை சொல்லாது.

அதைச் சொன்னது ரயில்வே ஆபீஸ் இல்லை. ஒரு தோல் ஷெட்டின் பீரோ.

எனக்குத் தெரிந்த ஒரு பாய், எண்பது தாண்டியவர், ஆம்பூரில் அவர் அப்பா காலத்து டேனரி. "பாய், அந்தக் காலத்துல தோலு எதுல வந்துச்சி?" என்று கேட்டேன்.

"வேகன்லதான் தம்பி. லாரியெல்லாம் அப்புறம் வந்தது. ஆர்.ஆர். வந்துச்சான்னு தினம் ஒரு ஆள் போவான். ஆர்.ஆர். இல்லாம ஷெட்ல கை வைக்க முடியாது."

ஆர்.ஆர். என்றால் ரயில்வே ரசீது. சரக்கு ஏற்றிய ஊரில் எழுதி, தபாலிலோ பேங்க் வழியாகவோ வந்து சேரும். அதைக் காட்டினால்தான் டெலிவரி. பாயின் டேனரி பீரோவில் அவை கட்டுக்கட்டாக, நூல் கோத்து, உப்பும் கரப்பானும் அரித்த விளிம்போடு இருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கார்பன் எழுத்து ஊதாவாக மங்கியிருந்தது. புறப்பட்ட ஊர் கான்பூர், சேரும் ஊர் ஆம்பூர், சரக்கு உப்புப் போட்ட பச்சைத் தோல், மூட்டை எத்தனை, எடை எவ்வளவு. நடுவில் நான் தேடிய கட்டம், வேகன் நம்பர். அதற்கு முன்னால் வேகன் எந்த ரயில்வேயுடையது என்ற எழுத்து. வடக்கு ரயில்வே எல்லையிலிருந்து வந்த தோல், வண்டி கிழக்கு ரயில்வேயுடையது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அகலப் பாதை வேகன்கள் எல்லா ரயில்வேக்கும் பொது. காலி ஆன இடத்தில் அடுத்த சரக்கை ஏற்றி எந்தத் திசைக்கும் அனுப்பலாம். பொதுவில் சேராத வண்டிக்கு மட்டும் என்.பி. என்று எழுதியிருக்கும். ஆகவே ஆம்பூர் மாடல் என்பதற்காக எல்லா வேகனிலும் தென்னக ரயில்வே என்று எழுதுவது தவறு. என் சைடிங்கில் தென்னக ரயில்வே எழுத்து குறைவு. கிழக்கு, வடக்கு, மத்திய ரயில்வே எழுத்துகள்தான் அதிகம். அழுக்குக் காவி நிறம் எல்லாவற்றுக்கும் ஒன்று.

வேகனுக்குள் ஏற்றும் சரக்கும் வருஷம் பார்த்துத்தான். பதனிட உள்ளூர் ஆவாரம் பட்டை, கடுக்காய், பிறகு வாட்டில் பட்டை. வாட்டில் ஒரு காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. நிறவெறிக்காக இந்தியா 1946-ல் அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தியது. பிறகு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாட்டில் காடே வளர்த்தார்கள். ஆகவே 1966 மூட்டையில் டர்பன் துறைமுக முத்திரை வரக் கூடாது. கிளம்பும் பக்கம், பதனிட்ட தோல் கட்டுகள் மெட்ராஸ் துறைமுகத்துக்கு, அங்கிருந்து லண்டனுக்கு. கட்டில் மாநிலத்தின் பெயரையும் ‘மெட்ராஸ்’ என்றே எழுத வேண்டும், அது தமிழ்நாடு ஆனது 1969-ல். மாவட்டம் வட ஆற்காடு. இப்போது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. போர்டு எழுதும்போது கை தானாக அப்படிப் போகும், பிடித்து நிறுத்த வேண்டும்.

உப்புத் தோல் ஏற்றிய வேகனின் தரை எப்படி இருக்கும் என்று பாயிடம் கேட்டேன். தகடு துருப்பிடித்து, கதவிடுக்கில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும், கழுவினாலும் வாடை போகாது என்றார். கதவின் கீழ் விளிம்பில் கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் தொட்டுவிட்டேன். வெளியிலிருந்து வாங்கும் எந்த ரெடிமேட் வேகனிலும் அது கிடைக்காது.

1973-க்குப் பிறகு அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஷூவுமாக ஊரே மாறியது. 1980களில் ரயில்வேயும் ஒற்றை ஒற்றை வேகனாகச் சரக்கு எடுப்பதைக் குறைத்து, முழு வண்டியாக எடுக்கத் தொடங்கியது. ஒரு டேனரிக்கு முழு ரயில் எதற்கு? சரக்கு லாரிக்குப் போனது. இன்று ஆம்பூரைக் கடக்கும் கூட்ஸ் வண்டிகள் நீளமானவை, வேகமானவை, இங்கே நிற்க வேலை இல்லாதவை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கத்தில் பழைய டேனரி வைத்திருக்கிறவர்களுக்கும், பழைய மண்டிக் கணக்கு வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பீரோவைக் காலி செய்து பழைய பேப்பர்காரருக்கு எடை போடும் முன், நூல் கோத்த ஊதா எழுத்து ரசீதுகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இருந்தால், வேகன் நம்பர் கட்டம் தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பிறகு போடுங்கள்.