வயது தெரிந்தால் போதும், உறவு தேவையில்லை: பெற்றோர் ஒப்புதல் விதி உண்மையில் என்ன சொல்கிறது?

“பேரன் யூடியூப் பார்க்க என் ஆதாரைக் கொடுக்க வேண்டுமா?” சில வாரங்களாக ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. ‘கெடு முடியப்போகிறதாமே’ என்ற பதற்றமும் கூடவே வருகிறது. கெடு இருப்பது உண்மை. ஆனால் அது நிறுவனங்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை. நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அரசிதழில் வெளியாயின. குழந்தைகள் பற்றிய பகுதிக்கு 18 மாத அவகாசம். இப்போதைய அட்டவணைப்படி 2027 மே மாதம்தான் அது நடைமுறைக்கு வருகிறது.

பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான ஃபேமிலி லிங்க்கை எப்படி நிறுவுவது, நேர வரம்பை எங்கே வைப்பது என்பதையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. உங்கள் வீட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே அது தெரியும். விளக்கம் தேவைப்படுவது பெற்றோர் ஒப்புதல் பற்றிய பத்தாம் விதிக்கு.

‘சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல்’ என்கிறது அரசு. ஒப்புதல் கொடுப்பவர் அந்தப் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதானா என்று யாரோ சரிபார்ப்பார்கள் என்றுதான் இதைக் கேட்கும் எவருக்கும் தோன்றும். விதியைப் படித்தால் அப்படி ஒன்றும் இல்லை. ‘நான்தான் பெற்றோர்’ என்று சொல்லிக்கொள்பவர் வயது வந்தவரா, சட்டத்துக்குத் தேவைப்பட்டால் அவர் யாரென்று அடையாளம் காண முடியுமா, இந்த இரண்டைத்தான் நிறுவனம் உரிய கவனத்தோடு பார்க்க வேண்டும். உறவைப் பற்றிப் பேச்சே இல்லை. சித்தப்பா ஒப்புதல் கொடுக்கலாம், கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் கொடுக்கலாம். பிள்ளையோடு இணையத்தில் பழகும், நல்லெண்ணம் இல்லாத ஒருவரும் கொடுக்கலாம். அவருக்கு 18 முடிந்திருந்தால் போதும்.

உறவைச் சரிபார்க்கும் விதியை எழுதத் தெரியாமல் விட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. அடுத்த விதியையே பாருங்கள். மாற்றுத்திறனாளி ஒருவருக்காகச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஒப்புதல் தந்தால், அவரை நீதிமன்றமோ உரிய அதிகாரியோ உள்ளூர்க் குழுவோ நியமித்திருக்கிறதா என்று நிறுவனம் பார்த்தாக வேண்டும். அங்கே காகிதம் கேட்கிறார்கள், இங்கே கேட்கவில்லை.

கேட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டுச் செயலி ஒவ்வொன்றும் பிறப்புச் சான்றிதழை வாங்கிச் சேர்த்துவைக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே உறவை விட்டுவிட்டது விவேகமாகவே இருக்கலாம். அப்படியானால் இதற்குப் ‘பெரியவர் ஒப்புதல்’ என்று பெயர் வைத்திருக்க வேண்டும். பெற்றோர் காவல் நிற்பதுபோன்ற தோற்றத்தைக் கொடுப்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. கணக்குத் தொடங்குவது குழந்தை என்று நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? விதியோடு நான்கு எடுத்துக்காட்டுகள் தந்திருக்கிறார்கள். இரண்டில், ‘நான் குழந்தை’ என்று பிள்ளையே முன்வந்து சொல்கிறது. மற்ற இரண்டில் பெற்றோர் சொல்கிறார். இருவருமே வாய் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு இல்லை. பிறந்த ஆண்டை 2004 என்று தட்டும் பிள்ளை உள்ளே போய்விடும், உண்மையைச் சொன்ன பிள்ளை வாசலில் நிற்கும்.

நம் வீடுகளில் அந்தப் பொய்கூடத் தேவைப்படுவதில்லை. போன் அம்மாவுடையது, ஜிமெயில் அம்மாவுடையது, பார்ப்பது யூகேஜி பையன். நிறுவனத்தின் கண்ணுக்கு, முப்பத்திச் சொச்சம் வயதுப் பெண்ணொருவர் மணிக்கணக்காகக் கார்ட்டூன் பார்க்கிறார். குழந்தைகளைப் பின்தொடரக் கூடாது, நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்று சட்டத்தின் 9ஆம் பிரிவு போடும் தடைதான் இதில் உருப்படியான பகுதி. அது இந்தப் பையனை எட்டவே எட்டாது. மேற்பார்வைக் கணக்கு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். பிள்ளைக்குத் தனிக் கணக்கு, உண்மையான பிறந்த தேதியோடு. பூட்டு போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆதார் விஷயத்துக்கு வருவோம். பெரியவரின் வயதை உறுதிசெய்ய விதி மூன்று வழிகள் தருகிறது. நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் நம்பகமான விவரம் ஒன்று, நீங்களாகக் கொடுக்கும் அடையாள விவரம் மற்றொன்று. மூன்றாவது, டிஜிலாக்கர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சேவை வழியாக வரும் மெய்நிகர் டோக்கன். மூன்றாவது வழி கெட்டிக்காரத்தனமானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒழுங்காக வடிவமைத்தால், உங்கள் ஆதார் எண்ணோ பிறந்த தேதியோ செயலிக்குப் போகாது, ‘18 கடந்தவர்’ என்ற பதில் மட்டும் போகும். ஆனால் ‘தேவைப்பட்டால் அடையாளம் காணத்தக்கவர்’ என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. அந்த டோக்கனைத் திருப்பிப் படிக்கும் சாவி எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். எந்தப் பெரியவரோடு எந்தப் பிள்ளையின் கணக்கு இணைந்திருக்கிறது என்ற குறிப்பும் நிறுவனத்திடம் சேரும். பிள்ளையின் தரவைக் காக்கப் புறப்பட்டு, குடும்பத்தின் தரவைச் சேர்க்கும் ஏற்பாடாக இது முடியலாம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எத்தனை வயது வரை குழந்தை? 18 நிறையும்வரை, சதுரங்கச் செயலியில் கணக்குத் தொடங்கும் பிளஸ் டூ மாணவரும் குழந்தைதான்.

அப்படியானால் 13 என்று செயலிகள் கேட்பது ஏன்? அது 1998இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் வயது, நிறுவனங்கள் அதையே உலகெங்கும் கொண்டுபோயின.

பள்ளிப் பேருந்தில் பிள்ளை எங்கே வருகிறது என்று பார்ப்பதும் தடையாகுமா? ஆகாது, பாதுகாப்புக்கான இருப்பிடத் தகவலுக்கு விலக்கு உண்டு.

யூடியூப் கிட்ஸ் போதுமா? சின்னப் பிள்ளைக்குப் போதும்; ஒன்பது வயதுக்கு மேல் மேற்பார்வைக் கணக்கில் மூன்று நிலைகள் இருக்கின்றன, முதல் நிலையில் தொடங்குங்கள்.

இன்ஸ்டாகிராம்? 16 வயதுக்குக் கீழே இருப்பவர் டீன் கணக்கின் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும், அதுவும் வயதை உண்மையாகச் சொல்லியிருந்தால்.

ஃபேமிலி லிங்க்கில் வாட்ஸ்அப் பேச்சு தெரியுமா? தெரியாது.

மீறும் நிறுவனத்துக்கு? 200 கோடி ரூபாய் வரை அபராதம்.

புகார்? முதலில் நிறுவனத்திடம், அவர்கள் 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும், அதன் பிறகே தரவுப் பாதுகாப்பு வாரியம்.

கடைசியாக, கடிதம் எழுதிய தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும்: இந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி இப்போதே யாராவது போனில் ஆதார் படமோ ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த விதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்த பிறகும், ஓடிபியைப் போனில் வாசித்துக் காட்டச் சொல்லி அதில் எந்த வரியும் இல்லை.